அக்காவின் கொண்டை ஊசி

மில் வாசலில் ஏணி போட்டு ஏறி, ஒருவன் என் அக்காவின் பெயரை எழுதிக்கொண்டிருந்தான்.

சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே அடித்திருந்த கறுப்புப் பலகை. மேலே பிரெஞ்சு எழுத்து, கீழே தமிழ் எழுத்து, இரண்டும் வெள்ளை வர்ணத்தில். எழுதியவன் பஞ்சுப் பொதிகளுக்கு நம்பர் போடுகிறவன். அதனால் எழுத்துகளும் பொதி நம்பரைப் போலவே தடித்துத் தடித்து வந்தன. பாதி எழுதிவிட்டுக் குனிந்து என்னைப் பார்த்தான்.

"இன்னும் எவ்ளோ நீளம் போவும் இந்தப் பேரு?"

"பிலோமினாதான். முடிஞ்சிடும், எழுதுப்பா" என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

காலைச் சங்கு இன்னும் ஊதவில்லை. சாயக் கால்வாயின் நாற்றமும் புது வர்ணத்தின் நாற்றமும் ஒன்றாக மூக்கில் ஏறின. நூல் சுற்றும் கூடத்துப் பெண்கள் கும்பலாக வந்துகொண்டிருந்தார்கள். அக்கா சோற்றுத் தூக்கோடு வந்து என் பக்கத்தில் நின்றாள். நெற்றியில் கையை மறைப்பாக வைத்து மேலே பார்த்தாள். கன்னியர் மடத்தில் மூன்று வகுப்பு படித்தவள், எழுத்து தெரியும். ஆனால் அந்தத் தூரத்தில் அவளுக்குப் பலகை மட்டும்தான் தெரிந்தது.

"என்னாடா எழுதறாங்க?"

"உம் பேருதான் அக்கா."

"எம் பேரா? எதுக்கு?"

சொன்னேன். முதல் நாள் மாலை நான் செய்ததை ஒன்று விடாமல், மூச்சு விடாமல் சொன்னேன். அக்கா தூக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு ஒரு வார்த்தை கேட்டாள்.

என்ன கேட்டாள் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். அதை எழுத எனக்குத் துணிச்சல் வர வேண்டும். அதுவரை வேறு கதை பேசுவோம்.

பம்பு செட்காரரின் கடிதம்

போன வாரம் மில்லின் புகைபோக்கியைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்துவிட்டுக் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். பம்பு செட் செய்கிற கம்பெனி வைத்திருக்கிறாராம். முப்பதுகளில் உங்கள் மில் ஒன்று மட்டும் அப்படி வளர்ந்ததற்கு என்ன காரணம், தொழிலாளியிடமே யோசனை கேட்கும் வழக்கம் அங்கே இருந்ததாமே, அந்த ரகசியத்தை எழுதினால் என் கம்பெனியிலும் செய்து பார்ப்பேன் என்கிறார்.

எழுதுகிறேன் ஐயா. செய்து பார்ப்பது உங்கள் பாடு.

புதுச்சேரியில் அப்போது மில்களுக்குப் பஞ்சமில்லை. எல்லா மில்லும் பிரான்ஸிலிருந்து மெஷினை இறக்கும், பெட்டியைப் பிரிக்கும், கூடவே வந்த காகிதத்தில் சொன்னபடி ஓட்டும். மெஷின் இரைந்தால் எண்ணெய் போடும். எங்கள் மில் மட்டும் வந்த மெஷினை வந்த மாதிரி விட்டு வைக்காது. கழற்றும், வளைக்கும், ஒன்றை வெட்டி இன்னொன்றில் ஒட்டும். ஆறு மாதத்தில் அந்த மெஷினைச் செய்தவனே வந்து பார்த்தாலும் அடையாளம் தெரியாது.

அதனால் ஆப்பிரிக்காவுக்குக் கப்பலேறும் நீலத் துணியில் எங்களோடு யாராலும் போட்டி போட முடியவில்லை. முதலில் வடக்குப் பக்கத்து மில் மூடியது. அதன் கூடத்தை நாங்களே எடுத்துக்கொண்டோம். அப்புறம் இன்னொன்று. ஊரில் கோயில் மணி ஒரு நேரம், கவர்னர் மாளிகைக் கடிகாரம் ஒரு நேரம் காட்டினால், சனங்கள் எங்கள் மில் சங்கைக் கேட்டுத்தான் உலை வைப்பார்கள். தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் எடுக்கிறவர்கள்கூட சங்கு ஊதும் நேரத்துக்குக் கூடையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள். அவ்வளவு பேர் அங்கே வேலை செய்தோம்.

மில்லின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் பேனாவைக் கழுவ வேண்டியிருக்கும்.

பொதி ஏறுதல்

மில்லை நடத்தியவரை நாங்கள் முசியே என்போம். வெள்ளைக்காரர் எல்லாருமே எங்களுக்கு முசியேதான், ஆனால் மில்லுக்குள் அந்தச் சொல்லுக்கு ஒரே ஓர் ஆள்தான். ஒல்லியான மனிதர். இடது கையில் இரண்டு விரல்களுக்கு நுனி கிடையாது, சிறு வயதில் ஏதோ மெஷின் தின்றுவிட்டது. கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை மாலை ஆண்கள் வேலை செய்யும் கூடங்களுக்கு மட்டும் சங்கு கொஞ்சம் முன்னாலேயே ஊதும். முற்றத்து வேப்பமரத்தின் கீழ் உட்காருவோம். நடுவில் ஒரு பஞ்சுப் பொதி கிடக்கும். யோசனை இருக்கிறவன் அதன் மேல் ஏறி நின்று சொல்ல வேண்டும். குப்பை அள்ளுகிறவனும் ஏறலாம், குமாஸ்தாவும் ஏறலாம். இதற்குப் பெயரே 'பொதி ஏறுவது'. "இன்னைக்கு யாரு பொதி ஏறப்போறா?" என்பதுதான் வியாழக்கிழமை காலையில் எங்கள் பேச்சு. பெண்களைக் கூட்டத்தில் சேர்ப்பதில்லை. அவர்கள் மெஷினை நிறுத்த மில்லுக்கு மனம் வராது.

யோசனை நன்றாக இருந்தால் முசியே தொப்பியைக் கழற்றுவார். பித்தளை வில்லை ஒன்றைச் சட்டையில் குத்திவிடுவார். மறுநாள் காலை பலகையில் பெயர் ஏறும். வெள்ளைக்காரர் ஒருவர் நம் எதிரில் தொப்பியைக் கழற்றுவது அந்தக் காலத்தில் லேசான காரியமா? வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரத் தெருவில் நாங்கள் ஓரமாக ஒதுங்கி நடந்த நாட்கள் அவை. அந்தத் தொப்பிக்காக என் தலையையே கழற்றிக் கொடுத்திருப்பேன்.

யோசனையைச் சொல்லி முடித்ததும் முசியே இரண்டு கேள்வி கேட்பார். முதல் கேள்வி, இது எப்படி வேலை செய்யும் என்பது. அதற்கு யாரும் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்வி, இது உனக்கு எதனால் தோன்றியது என்பது. எந்தக் கஷ்டத்தில் பிறந்தது, யாருக்கு எங்கே வலித்தது என்று உண்மையைச் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்ல ஒரு சின்ன நோட்டில் பென்சிலால் குறித்துக்கொள்வார். நுனியில்லாத விரல்களால் அந்த நோட்டை அவர் பிடிக்கும் விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பம்பு செட்காரர் கேட்ட ரகசியம் அந்த இரண்டாவது கேள்விதான். எங்களுக்கு அப்போது அது தெரியவில்லை. நம் கஷ்டத்தை ஒரு பெரிய மனிதர் காது கொடுத்துக் கேட்கிறார் என்று உருகிப்போவோம்.

தண்ணீர் தெளித்த கோவிந்தன்

ரெட்டியார்பாளையத்திலிருந்து நடந்தே வேலைக்கு வருவான் கோவிந்தன். வீட்டில் கொஞ்சம் கரும்பு நிலம் உண்டு. மில்லில் அவனுக்கு வேலை, தறிக் கூடத்தில் தண்ணீர் தெளிப்பது. காற்று உலர்ந்தால் நூல் அறுந்துபோகும், அதனால் நாள் முழுக்கக் குடத்தைத் தூக்கிக்கொண்டு தரையை நனைத்தபடி இருக்க வேண்டும். அவனோடு இன்னும் ஏழெட்டுப் பேர் அதே வேலை.

ஒரு வியாழக்கிழமை பொதி ஏறினான். கரும்புக்கு மடை திறப்பது போல, கூரையோரமாக ஒரு குழாயை விட்டு அதில் பொடித் துளை போட்டால் தண்ணீர் தானாகத் தூறும் என்றான்.

"எதனால் தோன்றியது?" என்றார் முசியே. நான்தான் தமிழில் கேட்டேன். பாதிரியார் பள்ளியில் படித்த பிரெஞ்சு எனக்கு ஓரளவு வரும், அதனால் பொதி பக்கத்தில் நின்று மொழி மாற்றிச் சொல்வது என் வேலை.

"இடுப்பு வலிங்க" என்றான் கோவிந்தன். எல்லாரும் சிரித்தார்கள். முசியே சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார்.

குழாய் வந்தது. குடம் தூக்கியவர்கள் வீட்டுக்குப் போனார்கள். கோவிந்தனை மட்டும் வாசல் காவலுக்கு மாற்றிக்கொண்டார்கள். நான் இதில் கற்றுக்கொண்ட பாடம் என்ன தெரியுமா? யோசனை சொன்னவனை மில் கைவிடாது என்பது. போன ஏழு பேரை நான் பார்க்கவில்லை, நின்ற ஒருவனைத்தான் பார்த்தேன். என் புத்தி அன்றைக்கு அவ்வளவுதான்.

தகர மூடிகள்

என் அக்காவைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும்.

மச்சான் சைகோனுக்கு உத்தியோகம் என்று கப்பல் ஏறினார். முதல் வருடம் கடிதம் வந்தது, அப்புறம் அதுவும் நின்றுபோயிற்று. அக்கா என் வீட்டுக்கு வந்தாள். வந்த மறுநாளே மில்லில் சேர்ந்தாள். "உங்கூட இருக்கறேன், ஆனா உங்கையில சோறு வாங்கித் தின்ன மாட்டேன்" என்றாள். சொன்ன மாதிரியே தன் அரிசியைத் தானே வாங்கிக்கொண்டு வந்து எங்கள் பானையில் போடுவாள். என் மனைவிக்கு அதில் வருத்தம். அக்காவுக்கு அதுதான் கௌரவம்.

நூல் சுற்றும் கூடத்தில் அவளுக்கு ஒரு மெஷின். சின்னக் கண்டுகளிலிருந்து நூல் ஓடி வந்து பெரிய கண்டுகளில் ஏறும். பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து இழை. எது அறுந்தாலும் உடனே பார்த்து முடிச்சுப் போட வேண்டும். பார்க்காமல் விட்டால் கண்டு பாழ், மேஸ்திரியின் வாயில் விழ வேண்டும்.

நான் மில்லின் பட்டறையில் ஃபிட்டர். ஒருநாள் அவள் மெஷினில் ஒரு பல்சக்கரத்தை மாற்றப் போனேன். அங்கே ஒரு வினோதத்தைப் பார்த்தேன். ஓடுகிற ஒவ்வொரு இழை மேலும் ஒரு கொண்டை ஊசி கவிழ்ந்து உட்கார்ந்திருந்தது. நூல் இழுத்துக்கொண்டு போகாமலிருக்க, உடைந்த சீப்பின் பற்களுக்கு நடுவே அவற்றை நிறுத்தியிருந்தாள். கீழே வரிசையாகத் தகர மூடிகள். ஒன்று பிஸ்கட் டின் மூடி, ஒன்று மத்தி மீன் டப்பாவின் மூடி, ஒன்று பாக்குப் பொட்டியின் மூடி, இப்படிக் கிடைத்ததெல்லாம்.

"என்னா அக்கா இது, கடை வெச்சிருக்கியா?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சத்தமாப் பேசாத. நூலு அறுந்தா ஊசி வுழும். வுழுந்தா சத்தம் கேக்கும். நான் போயி முடிச்சுப் போட்டுருவேன்."

"கண்ணால பாத்தாத் தெரியாதா?"

நான் தம்பி. அந்த ஊரில் அவளுக்கு இருந்த ஒரே இரத்த உறவு. என்னிடம் சொன்னாள்.

"மதியத்துக்கு மேல நூலு தெரியலடா. காலையிலயும் இப்ப மங்கலாத்தான் இருக்குது. யாருகிட்டயும் சொல்லிடாத, தம்பி."

"சொல்ல மாட்டேன்" என்றேன். பொய் சொல்லவில்லை. சொன்ன அந்த நிமிஷத்தில் அது உண்மைதான்.

இரண்டாவது கேள்வி

ஆனால் அந்த ஊசிகள் என்னைத் தூங்க விடவில்லை. அவ்வளவு அழகான வேலை. இழை இருக்கும் வரை ஊசி நிற்கும், இழை போனால் ஊசி விழும். கொண்டை ஊசிக்குப் பதில் பித்தளையில் தகடு வெட்டலாம், மூடிகளுக்குப் பதில் நீளமாக ஒரே தட்டு வைக்கலாம், ஒருத்தி கண்ணை வைத்துக் காவல் காக்க வேண்டியதில்லை, இரண்டு மூன்று மெஷினைச் சேர்த்தே பார்க்கலாம். பட்டறையில் யாருக்கும் தெரியாமல் ஒரு மாதிரியைச் செய்து பார்த்தேன். முதல் தடவையே ஓடியது.

நான் மில்லில் சேர்ந்து அத்தனை வருடத்தில் ஒருமுறைகூடப் பொதி ஏறியதில்லை. மற்றவன் சொன்னதை மொழி மாற்றியே வாய் தேய்ந்தவன். தண்ணீர்க் குடம் தூக்கியவனெல்லாம் வில்லை குத்திக்கொண்டு போகிறான், பிரெஞ்சு தெரிந்த நான் வெறும் சட்டையோடு நிற்கிறேன் என்ற பொருமல் உள்ளே இருந்தது. இப்போது சொல்வதற்கு வெட்கமில்லை, எனக்கு அந்தத் தொப்பி வேண்டியிருந்தது.

திருடக் கூடாது என்று மட்டும் தீர்மானம் செய்துகொண்டேன். அக்காவின் யோசனை, அக்காவின் பெயரில்தான் போக வேண்டும். பலகையில் ஏறும் முதல் பெண் பெயர் அவளுடையதாக இருக்கும். கோவிந்தனைக் காப்பாற்றிய மில் அவளையும் காப்பாற்றும், கண்ணைப் பற்றி அப்புறம் கவலையே வேண்டாம். இப்படியெல்லாம் என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டு அந்த வியாழக்கிழமை பொதி ஏறினேன்.

மாதிரியைக் காட்டினேன். நூலை அறுத்தேன். தகடு விழுந்து தட்டில் 'டிங்' என்றது. வேப்பமரத்தின் கீழே ஒரு முணுமுணுப்பு எழுந்தது. யோசித்தது என் அக்கா, பித்தளையில் செய்தது நான் என்று பிரெஞ்சிலேயே சொன்னேன்.

முசியே தொப்பியைக் கழற்றினார். நெற்றியில் வேர்வை வட்டம் தெரிந்தது. பிறகு நோட்டை எடுத்தார்.

"அவளுக்கு இது எதனால் தோன்றியது?"

காலுக்குக் கீழே பொதி மெத்தென்று இருந்தது. இருநூறு முகங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. வேறு என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். பொழுது போகவில்லை என்று சொல்லியிருக்கலாம். மாதா கனவில் வந்து சொன்னதாகச் சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பார்கள். ஆனால் பொதி மேல் நின்று அந்தக் கேள்விக்கு யாரும் பொய் சொன்னதில்லை. அதுதான் எங்கள் பெருமை. கோவிந்தன் இடுப்பைச் சொன்னான். நான் அக்காவின் கண்ணைச் சொன்னேன்.

முசியே குறித்துக்கொண்டார்.

அன்று வீட்டில் மூச்சு விடவில்லை. வில்லையைச் சட்டைப் பையில் ஒளித்து வைத்தேன். காலையில் பலகையைக் காட்டி அவளை அசத்த வேண்டும் என்று திட்டம்.

மறுபடியும் ஏணி அடியில்

இனித் தள்ளிப்போட முடியாது. நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அக்கா தூக்கைக் கை மாற்றிக்கொண்டாள் என்றேன் அல்லவா. அப்புறம் கேட்டாள்:

"கண்ணப் பத்தியும் சொல்லிட்டியா?"

நான் பதில் சொல்வதற்குள் சங்கு ஊதிவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தபோதுதான், முதல் நாள் மாலை நான் என்ன செய்தேன் என்பது எனக்கே விளங்கியது. ஏணிக்காரன் வேலையை முடித்துவிட்டு இறங்கி, "பாருங்க, கோணலா இருக்குதா?" என்றான். அக்கா அவனைத் தாண்டி உள்ளே போனாள். வாசல் காவலில் உட்கார்ந்திருந்த கோவிந்தன் அவளுக்கு எழுந்து நின்று கும்பிடு போட்டான். பலகையில் பெயர் ஏறியவர்களுக்கு அது மரியாதை.

பித்தளை வேலை முடிய இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் அக்கா வழக்கம்போல வேலைக்குப் போனாள், வழக்கம்போல அரிசி கொண்டுவந்தாள். நான்தான் பட்டறையில் நின்று ஒவ்வொரு தகடாக வெட்டினேன். என்னை ஷெஃப் ஆக்கினார்கள். ஷெஃப் என்றால் பட்டறைக்கே தலைவன்.

பிறகு ஒரு காலை, நூல் சுற்றும் கூடத்து வாசலில் ஒரு மேசை போட்டார்கள். மேசைக்குப் பின்னால் ஒரு நர்ஸம்மா, மேசை மேல் ஊசியும் நூலும். மூன்று பேர் பார்த்த வேலைக்கு இனி ஒருத்தி போதும், யாரை வைத்துக்கொள்வது என்று எப்படித் தீர்மானிப்பது? கண் நல்லதாக இருக்கிறவளை. இது முசியேயின் நோட்டிலிருந்து வந்த யோசனை. யாரும் பொதி ஏறிச் சொன்னதல்ல.

அக்கா ஊசியை வாங்கினாள். நூல் நுனியை நாக்கில் நனைத்தாள், விரலால் ஊசிக் காதைத் தடவிப் பார்த்து ஒரே முயற்சியில் கோத்துவிட்டாள். கண்ணே வேண்டியிருக்கவில்லை. நர்ஸம்மா அதை உருவிவிட்டு, "கையை நீட்டி, தூரமா வெச்சிக் கோரும்மா" என்றாள்.

அக்கா கையை நீட்டினாள். நூல் ஊசிக்கு மேலே போயிற்று, கீழே போயிற்று. நான்காவது முறை தவறியதும் அவளே ஊசியை மேசை மேல் வைத்துவிட்டு, தன் மெஷினுக்குப் போய், உடைந்த சீப்பையும் மூடிகளையும் முந்தானையில் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

நான் முசியேயிடம் போனேன். போகவில்லை என்று யாரும் சொல்லக் கூடாது. அவர் நாற்காலி கொடுத்தார். மெஷின் நடுவில் கண் தெரியாதவளை விடுவது அவளுக்கே ஆபத்து என்றார், வேறு வேலை எதுவும் இல்லை என்றார். கோவிந்தனுக்குக் காவல் வேலை கொடுத்தீர்களே என்றேன். காவல் காக்கவும் கண் வேண்டுமே என்றார், உண்மையான வருத்தத்தோடு. அக்காவுக்காக இன்னொரு முறை தொப்பியைக் கழற்றினார். நான் அதற்கு மேல் வாதாடவில்லை. புது ஷெஃப். நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று மாலை அக்காவின் கையில் அரிசி இல்லை. என் மனைவி தட்டில் சோறு போட்டு வைத்தாள். அக்கா சிலுவை போட்டுவிட்டுச் சாப்பிட்டாள். ஒரு பருக்கை மீதி வைக்கவில்லை. திட்டியிருந்தால் என் மனது ஆறியிருக்கும்.

படம் பிடிக்க வந்தவர்கள்

அடுத்த இரண்டு மூன்று வருடத்தில் மில் எங்கேயோ போய்விட்டது. அக்காவின் பெயரைப் பிரெஞ்சில் சொல்லி, 'பிலோமென் ஊசி' என்றே அதற்குப் பெயர். எங்கள் கூடங்கள் எல்லாவற்றிலும் வைத்தார்கள், வாங்கிப் போட்ட மில்களிலும் வைத்தார்கள். வரைபடம் பிரான்ஸுக்குப் போனது, அங்கேயிருந்து வேறு தேசங்களுக்கும் போனதாகச் சொன்னார்கள். கோரிமேட்டு எல்லைக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் மில்லிலும் அதே ஊசி விழுகிறது என்று ஒருவன் பார்த்துவிட்டு வந்து சொன்னான். அக்காவின் பெயர் அவள் போகாத ஊரெல்லாம் போயிற்று. அவள் மட்டும் என் வீட்டு அடுப்பங்கரைக்கும் மாதா கோயிலுக்கும் தடவித் தடவி நடந்துகொண்டிருந்தாள்.

அப்போது பிரான்ஸிலிருந்து கம்பெனியின் பெரிய மனிதர்கள் வந்தார்கள். ஊசியைக் கண்டுபிடித்த பெண்ணைப் பார்க்க வேண்டும், மெஷின் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடிக்க வேண்டும் என்றார்கள். அழைத்துவரும் வேலை எனக்கு.

வர மாட்டாள் என்று நினைத்தேன். "வர்றேன்" என்றாள். கோயிலுக்குக் கட்டும் வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டாள். கொண்டையில் ஊசிகளைத் தானே குத்திக்கொண்டாள்.

கூடத்துக்குள் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே ஒரு டிங், இங்கே ஒரு டிங். ஒரு பெண் மூன்று மெஷினுக்கு நடுவில் நின்று எது விழுந்தது என்று குனிந்து குனிந்து தேடிக்கொண்டிருந்தாள். அக்கா நின்றுவிட்டாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்துபோனது. மில்லை விட்டு வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

எனக்கு உறைத்தது. பிஸ்கட் மூடி, மத்தி டப்பா மூடி, பாக்குப் பொட்டி மூடி. கிடைத்ததையெல்லாம் போட்டு வைத்திருக்கிறாள் என்று நான் நினைத்தது தவறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்தம். எந்தச் சத்தம் கேட்கிறதோ அங்கே அந்த இழை அறுந்திருக்கிறது, தேடவே வேண்டாம். நான் ஊசியைப் பார்த்தேன், மூடிகளைப் பார்க்கவில்லை. ஒரே தட்டாகப் பித்தளையில் அடித்து வைத்துவிட்டு ஷெஃப் ஆகிவிட்டேன். அவளுடைய யோசனையில் பாதியைத்தான் கம்பெனி உலகமெல்லாம் விற்றுக்கொண்டிருந்தது.

படம் பிடித்தார்கள். முசியே பக்கத்தில் வந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அவருக்கே உரிய ஆவலோடு என்னிடம் சொன்னார்: "கேள் சூசை, அவளிடம் புதிதாக ஏதாவது யோசனை இருக்கிறதா?"

தமிழில் கேட்டேன். அக்கா அவர் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினாள்.

"இருக்குதுன்னு சொல்லு. சொன்னா இன்னும் எத்தனியோ பேரு மில்லு கேட்டுக்கு வெளியில நிப்பாளுங்க. அதனால சொல்ல மாட்டேன்னு சொல்லு."

சுற்றிலும் வெள்ளைக்காரர்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மில்லில் அத்தனை வருடம் எத்தனையோ பேருடைய பேச்சை ஒரு சொல் பிசகாமல் மாற்றிச் சொன்னவன் நான்.

"வேறு யோசனை எதுவும் இல்லையாம். உங்களுக்கு மெர்சி சொல்கிறாள்" என்று பிரெஞ்சில் சொன்னேன்.

முசியே தொப்பியைக் கழற்றினார்.

மூடிகளின் விஷயத்தை நான் எப்போதும் யாரிடமும் சொல்லவில்லை. பம்பு செட்காரர் இதை என் நல்ல குணத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டாம். பொதி ஏறினால் அந்த இரண்டாவது கேள்வி வரும் என்ற பயம்தான்.

திரும்பி நடந்தோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. விழுப்புரம் வண்டி வருவதற்காக நின்றோம். அக்கா என் கையை விட்டுவிட்டு, கேட்டின் கம்பியைத் தடவிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் மெர்சி சொல்லலியேடா" என்றாள்.

மெர்சி என்றால் நன்றி, அந்த ஒரு சொல் புதுச்சேரியில் யாருக்குத்தான் தெரியாது. கன்னியர் மடத்தில் மூன்று வகுப்பு படித்தவளுக்குத் தெரியாதா? எனக்கு அந்த நேரத்தில் அது நினைவில் இல்லை.

"அக்கா, அவங்க முன்னால..." என்று ஆரம்பித்தேன்.

"அன்னைக்குச் சொல்லாதேன்னத சொன்ன. இன்னைக்குச் சொல்லுன்னத சொல்லல." குரலில் கோபமில்லை. "கண்ணு போச்சி, போவட்டும். வாயி இருக்குது. அதுவும் நீயே பேசிட்டா, நான் எதுக்குடா இருக்கறேன்?"

வண்டி வந்தது, போனது. கேட்டைத் திறந்தார்கள். நான் கையை நீட்டினேன். அவள் அதைப் பிடிக்காமல், தண்டவாளத்தைக் காலால் தடவிக்கொண்டு, தானே அந்தப் பக்கம் போனாள்.